டோல்கேட் கூடாரத்தில் உன் நைனாவை அடித்தது யார்

ராயப்பா,

நீ வீட்டுக்கு வரும்போது நான் இருக்க மாட்டேன். தர்மாஸ்பத்திரியில் இருப்பேன். இதை உன் மேஜைமேல், அந்தப் படச்சுருள் டப்பாக்களுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போகிறேன். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு கடிதம் என்ன கடிதம் என்று கேட்பாய். வாயால் சொன்னால், உனக்கு இதெல்லாம் புரியாது அம்மா என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அச்சில் இருப்பதைத்தான் நம்புவேன் என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்கிறவன் நீ. அதனால் இதைப் படித்துவிட்டு அப்படியே உங்கள் சினிமாச் சங்கத்துத் தாளில் போடு, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் போடு. ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே. கோயில் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் நான், எனக்கும் எழுதத் தெரியும்.

நேற்று கோவிந்தனைப் போய்ப் பார்த்தேன். போன மாசத் தாளில் ‘தண்டையார்பேட்டை கோவிந்தன், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், கையிலிருந்த கொக்கியால் என் தகப்பனாரைக் குத்திக் கொன்றவன்’ என்று எழுதினாயே, அந்தக் கோவிந்தனை. எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு வருகிற நம் ராயபுரத்துப் பையன்கள்தான் அவனை டோல்கேட் சாராயக் கடை வாசலில் மடக்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவன் உன் கட்டுரையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் உரக்கப் படித்திருக்கிறான். படித்து முடித்த பிறகுதான் அடித்தார்களாம். வயதானவன் என்றுகூடப் பார்க்கவில்லை. வாயில் முன்பல் ஒன்றுமில்லை. ஒரு கண் திறக்கவில்லை, திறக்குமா என்று தெரியாது. கொக்கி பிடித்த கை இதுதானே என்று வலது கையைக் கல்லின்மேல் வைத்து இன்னொரு கல்லால் நசுக்கியிருக்கிறார்கள். கட்டைப் பிரித்தபோது நான் பார்த்தேன். கை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

நான்தான் அடித்தேனா என்று நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும். நீ அடிக்கவில்லை. நீ சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்து பழைய படச்சுருளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். இப்போது தண்டையார்பேட்டைப் பையன்கள் சும்மா இருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை நீ அந்தப் படத்தைப் போடுகிறாய் என்று எல்லோருக்கும் தெரியும். உன் நைனா திரைக்குப் பக்கத்தில் நின்று கடைசியாகக் கதை சொன்ன அதே ஊமைப் படம், கொலை நடந்த அதே பாகம் என்று நோட்டீஸ் வேறு ஒட்டியிருக்கிறாய். மீன் வெட்டுகிற கத்தியும் சோடா பாட்டிலுமாக இரண்டு பக்கத்து ஆட்களும் உன் கொட்டகைக்குத்தான் வரப்போகிறார்கள். அடுத்த நாள் நீ அந்தச் சினிமாப் பத்திரிகை வேலைக்குப் பம்பாய் ரயில் ஏறிவிடுவாய். இங்கே விழுகிற பிணங்களுக்கு யார் பதில் சொல்வது?

உன் சினிமாப் பைத்தியத்தை நான் என்றைக்காவது குறை சொல்லியிருக்கிறேனா, சொல். பேசும் படம் வந்ததும் ஊமைப் படத்தை நாய்கூடச் சீந்தவில்லை. சுருளை எல்லாம் சூளைப் பக்கம் அதிலிருந்து வெள்ளி எடுக்கிறவனுக்கும் அதிலேயே வளையல் செய்கிறவனுக்கும் எடை போட்டு விற்றார்கள். நீ அவர்கள் வாசலில் தவம் கிடந்து, கெஞ்சி, சண்டை போட்டு, முதுகில் மூட்டையாகத் தூக்கிவந்தாய். என் கட்டிலுக்கு அடியில் வைத்தாய். ஒரு நாள் அடுப்புப் பொறி பட்டு ஒரு சுருள் எரிந்ததே, நினைவிருக்கிறதா? தண்ணீர் ஊற்ற ஊற்ற எரிந்தது. உன் புருவம் பொசுங்கியது, என் முழங்கை வெந்தது. அப்போதும் நீ என்னைப் பார்க்கவில்லை, அது எந்தப் படம் என்று டப்பாவைத்தான் பார்த்தாய். நான் உன்னைத் துடைப்பத்தால் அடித்தேன், பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்தோம். ரயில்வே குமாஸ்தா, பிடில்காரர், துறைமுகத்து ஆட்கள் என்று நாலு பேரைச் சேர்த்து, காலைக் காட்சி இல்லாத கொட்டகையை இரவல் வாங்கி, செத்துப்போன படங்களை நீ ஓட்டுவதைப் பார்த்து எனக்குப் பெருமைதான். அப்பன் தொழில் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று நானே கோயிலில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டவள்தான்.

ஆனால் உன் நைனா எப்படிக் கதை சொன்னார் என்று நீ ஊரில் எல்லோரையும் கேட்டாய், என்னைக் கேட்கவில்லை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. படம் வந்த அன்று மத்தியானம் கூடாரத்தில் ஒரு தடவை அவருக்காக ஓட்டுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வருகிற எழுத்துகளைப் படித்து அர்த்தம் சொல்வேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்த இங்கிலீஷ் அதற்குத்தான் உதவியது. ம், ம் என்று கேட்டுக்கொள்வார். சாயங்காலம் திரைக்குப் பக்கத்தில் சோடாப் பெட்டிமேல் ஏறி நின்றால், நான் சொன்னதில் ஒன்றுகூட அவர் வாயில் வராது. வெள்ளைக்காரக் கதாநாயகன் ராயபுரம் ஆளாகிவிடுவான். அவனிடம் உதை வாங்குகிறவன் தண்டையார்பேட்டை ஆள். அங்கே சந்தில் இருக்கிற ஏதாவது ஒரு சண்டியன் பேரையே அவனுக்கு வைத்துவிடுவார். ஒவ்வொரு குத்துக்கும் தரை டிக்கெட் எழுந்து நின்று ஆடும். அடுத்த வாரம் கூடாரம் தண்டையார்பேட்டைக்குப் போகும். அதே படம், அதே ஆள், அங்கே கதாநாயகன் தண்டையார்பேட்டைக்காரன், உதை வாங்குகிறவன் ராயபுரத்தான். அந்தந்தப் பேட்டை தன் தன் மண்ணில் ஜெயித்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் இது தெரியும், யாருக்கும் கோபம் வராது. கூடாரம் எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த மண்ணுக்கு ஜெயம் என்பதுதான் வழக்கம்.

கெட்டது எப்போது வந்தது என்றால், ஒரு தடவை இரண்டு இடத்திலும் மைதானம் கிடைக்காமல், முதலாளி கூடாரத்தை இரண்டு பேட்டைக்கும் நடுவில் இருக்கிற டோல்கேட்டில் அடித்தபோது. அது யார் மண்? ராயபுரத்தான் எங்கள் எல்லை என்றான், தண்டையார்பேட்டையான் எங்கள் எல்லை என்றான். முதல் நாளே சேதி பரவிவிட்டது, இன்றைக்கு யார் ஜெயிக்கிறான் என்று அவர் வாயால் கேட்டுவிடுவது என்று. துறைமுகத்தில் வேலை முடிந்து மூட்டைக் கொக்கியோடு அப்படியே வந்தவர்கள் எத்தனையோ பேர். படம் பார்க்கவா வந்தார்கள்? அத்தனை பேர் கண்ணிலும் வெறி. காலையில் உன் மரியான் மாமா நம் வீட்டுக்கு வந்து, ஜெயிக்கிறவன் ராயபுரத்தான் என்றுதான் மச்சான் சொல்லும் என்று துறைமுகத்தில் எல்லோர் எதிரிலும் மார் தட்டிவிட்டேன், மானத்தை வாங்கிவிடாதே என்று கேட்டான். என் தம்பி நல்லவன், ஆனால் கோபம் வந்தால் அவனுக்கு அம்மா அப்பா தெரியாது. உன் நைனா இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். அவன் போன பிறகு என்னிடம் சொன்னார்:

“ரெண்டு பேரும் துட்டு குட்த்துதான் வர்றான். எவன ஒதைக்க சொல்றது? அத்த நான் பாத்துக்கறேன், நீ சொம்மா இரு.”

அந்தக் கூடாரத்தில் பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று உன் சரித்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. டோல்கேட்டில் இடம் போதாது. அதனால் எங்களைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். துணியை நனைத்துவிடுவார்கள், வெளிச்சம் பின்பக்கமும் வரும். எங்களுக்குப் படம் இடம் வலமாகத் தெரியும், எழுத்து வலமிருந்து இடமாகப் போகும், அதைப் பற்றி யார் கவலைப்பட்டோம்? திரை ஓரத்து இடைவெளி வழியாகப் பெட்டிமேல் நிற்கிற உன் நைனாவும் தெரிவார், அவருக்கு அந்தப் பக்கம் முன்வரிசையில் இருக்கிற ஆண்களின் முகமும் திரை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். நீ கட்டுரைக்காக விசாரித்த அத்தனை பேரும் முன்பக்கம் உட்கார்ந்தவர்கள். தங்களுக்கு முன்னால் எழுந்து ஓடியவர்களின் முதுகைத்தான் அவர்கள் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்தது நாங்கள். எங்களில் ஒருத்தியையாவது நீ போய்க் கேட்டாயா?

படம் ஆரம்பித்தது. கதாநாயகன் வந்தான். இவன் நம்ம ஆள் என்றார் உன் நைனா. எந்தப் பேட்டை, எந்தப் பேட்டை என்று கத்தினார்கள். ‘நம்ம ஆளு, அவ்ளோதான்’ என்றார். அடுத்து வில்லன் வந்தான், பெரிய மீசையோடு. பேர் சொல்லு என்று கூடாரமே எழுந்தது. உன் நைனா நெஞ்சில் கையை வைத்து, தன் பேரையே சொன்னார். இந்தக் கெட்ட பயல் சவரிமுத்து, பொய் சொல்லிப் பிழைக்கிறவன், பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஒரு நிமிஷம் எல்லோரும் சிரித்தார்கள், ராயப்பா. நானும் சிரித்தேன். சண்டைக் காட்சி வந்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஐயோ சவரிமுத்து செத்தான் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அடியெல்லாம் தன் மேலேயே வாங்கிக்கொண்டால் இரண்டு பேட்டையும் சண்டை போடாமல் வீட்டுக்குப் போய்விடும் என்று நினைத்திருக்கிறார், பாவி மனுஷன்.

அவர் யோசிக்காதது ஒன்று உண்டு. தன்னைக் கதை சொல்கிறவனாக மட்டும் அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் சவரிமுத்து ராயபுரத்து ஆள்தானே? தண்டையார்பேட்டைக்காரன் எவனோ ஒருவனுக்கு அது உறைத்துவிட்டது. எழுந்து நின்று, என் தம்பியைப் பார்த்துக் கைதட்டிச் சொன்னான்:

“இன்னா மரியானு, ஒன் மச்சானே ஒத்துகினாரு. ஒதை வாங்கறவன் ராயபுரத்தான்தான்.”

அவ்வளவுதான், கூடாரத்தில் பாதி ஆரவாரம் செய்தது. என் தம்பி எழுந்ததை நான் பார்த்தேன். முகம் கறுத்திருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துக்கொண்டு வந்து, பெட்டியை எட்டி உதைத்தான். உன் நைனா விழுந்தார், கூடாரம் கட்டிய இரும்பு முளையில் பின்மண்டை இடித்தது. மரியான் அந்தச் சோடாப் பெட்டியையே தூக்கி அவர் முகத்தில் போட்டான். மறுபடி தூக்கினான், மறுபடி போட்டான். மாமன் மச்சான் என்று தோளில் கை போட்டுத் திரிந்தவன். எங்கள் கல்யாணத்தில் அவருக்கு மோதிரம் போட்டவன். துரோகி, துரோகி என்று கத்திக்கொண்டே அடித்தான். அவன் பின்னால் நம் ராயபுரத்து ஆட்களே வந்து, விழுந்துகிடந்தவரின் விலாவில் உதைத்தார்கள். தண்டையார்பேட்டைக்காரர்கள் அவர்கள்மேல் பாய்ந்தார்கள். கோலி சோடா பாட்டில்கள் திரையைக் கிழித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்து விழுந்தன. என் பக்கத்தில் இருந்தவளுக்கு நெற்றி பிளந்து ரத்தம் என் மடியில் கொட்டியது. மிஷினை நிறுத்தினால் விளக்குச் சூட்டில் படம் பற்றிக்கொள்ளும் என்று ஆபரேட்டர் கையை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தான். அதனால் வெளிச்சம் போகவேயில்லை. எல்லாவற்றையும் நான் பார்க்கும்படி ஆயிற்று.

அப்போதுதான் கோவிந்தன் வந்தான். கொக்கி அவன் கையில் இருந்தது, உண்மை. வந்தவன் உன் நைனாவுக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்றுகொண்டான். கிட்டே வந்தவர்களையெல்லாம் தள்ளினான், முதுகில் அத்தனை அடி வாங்கினான், நகரவில்லை. மரியான் பெட்டியை மறுபடி ஓங்கியபோது, அவன் தோளில் கொக்கியை மாட்டி இழுத்துப் போட்டான். சதை கிழிந்து தொங்கியது. மாமா தோளில் அந்த வடுவை நீ பார்த்திருக்கிறாய், துறைமுகத்தில் சங்கிலி அறுந்து பட்டது என்று உனக்குச் சொல்லியிருப்பான். அந்தக் கொக்கியில் இருந்த ரத்தம் உன் மாமாவுடையது. உன் நைனா உடம்பைக் கழுவித் துடைத்தவள் நான். முகம் முகமாக இல்லை, பல்லெல்லாம் உள்ளே போயிருந்தது, காதில் ரத்தம் உறைந்திருந்தது. கொக்கி பட்ட காயம் ஒன்றுகூட அந்த உடம்பில் இல்லை. இதைவிட உனக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

போலீஸ் இரண்டு பக்கத்திலும் கையில் அகப்பட்டவர்களைப் பிடித்தது, சாட்சி சொல்ல யாரும் வராததால் விட்டுவிட்டது. ரத்தக் கொக்கியோடு நின்றவன்தான் கொன்றவன் என்று பேட்டையே பேசியது. என் தம்பியும் அதையே பேசினான். நான் வாயைத் திறக்கவில்லை. நீ அப்போது ராத்திரியெல்லாம் நைனா நைனா என்று அழுகிற பிள்ளை. உனக்குச் சோறு போட்டது மரியான், பள்ளிக்கூடத்தில் சேர்த்தது மரியான், கல்யாணமே வேண்டாம் என்று நமக்காக மூட்டை தூக்கியது மரியான். செத்துப்போகிற வரைக்கும் ஒரு நாள்கூட அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவனை வெறுத்தேனா என்று கேட்காதே. வெறுத்தேன். போன மழைக்காலத்தில் அவன் சவப்பெட்டியை மூடும்போது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததும் நான்தான்.

நான் சொல்வதைக் கேள். ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போடாதே என்று சொல்ல மாட்டேன், போடு. ஆனால் அதற்கு முன்னால் கோவிந்தன் பேரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் தம்பி பேரைப் போடு. அவனுக்கு இனி யாரும் கையை நசுக்க முடியாது. நம் பேட்டைப் பையன்கள் படிக்கட்டும், அடித்தது நம் ஆட்கள் என்று. தண்டையார்பேட்டைப் பையன்களும் படிக்கட்டும், அதற்குப் பிறகு கத்தியை எடுக்க அவர்களுக்கு என்ன காரணம் இருக்கும்? பம்பாயில் எத்தனை பெரிய மனுஷர்கள் நடுவில் நீ உட்கார்ந்து எழுதினாலும், திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு எழுது. நீ எழுதிய ஒரு வரி ஒருவன் கையைத் தின்றுவிட்டது, அது உனக்கு நினைவிருக்கட்டும்.

நேற்று அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், இத்தனை வருஷமாக ஏன் எல்லோரும் சொன்னதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாய் என்று. உதடு வீங்கிக் கிடந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

“பையன் மாமங்காரன் வூட்லதான வளந்தான், தங்கச்சி. அவன்தான் அட்ச்சான்னு தெர்ஞ்சா புள்ளைக்கு சோறு எறங்குமா? என்னிய சொன்னா இன்னா, நான் வேத்தாளு.”

எனக்கு அழுகைகூட வரவில்லை, ராயப்பா. உன்னைப் பற்றி நான் யோசித்ததைவிட அவன் அதிகமாக யோசித்திருக்கிறான். அந்தக் கை அழுகிவிட்டது, மணிக்கட்டுக்கு மேல் எடுக்காவிட்டால் விஷம் ஏறி உயிர் போய்விடும் என்கிறார் டாக்டர். சொந்தக்காரர் யாராவது வந்து ஒப்புக்கொள்ள வேண்டுமாம். அவன் பெண்சாதி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது, பிள்ளைகள் கிடையாது. மகன் இருக்கிறானா என்று கேட்டு எழுதிக்கொள்ள உட்கார்ந்தார்கள். உன் பேரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளைக் காலையில் கத்தி வைக்கிறார்கள், வந்து சேர்.

அம்மா